மண்டிக் கம்ப்யூட்டரில் அமலா

திண்டிவனத்தில் வேர்க்கடலை வாங்கும் மல்லாட்டை மண்டியில் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் வருவது அமலாவின் பெயர். அதில் லினக்ஸ் போட்டுக் கணக்கெல்லாம் அமைத்தவள் அவள். தை மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இப்போது அவள் நாற்காலியில் அவள் கணவன் அலெக்ஸ், விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்து உட்கார்கிறான்.

"செத்தவ பேர்ல கடை தொறக்கறது யாபாரத்துக்கு ஆவாதுப்பா," என்றார் முதலாளி தாண்டவராயன். "கரண்டு போனா பதிஞ்ச எடையும் பூடுது. தேவா அழிச்சிட்டு வேற போட்டுத் தரட்டும்."

"எடை போவாம பண்ணிட்டா?" என்று கேட்டான் அலெக்ஸ்.

"பண்ணு, பாக்கலாம். பண்ணிட்டீன்னா அந்தப் பேரே இருந்துட்டுப் போவட்டும்."

மின்சாரம் போனால், யூ.பி.எஸ். தாங்கும் சில நிமிடங்களுக்குள் நினைவகத்தில் இருப்பதை வட்டில் இறக்கி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் உறங்க வேண்டும். அமலா அப்படித்தான் அமைத்திருந்தாள். பழுது பார்க்கும் தேவா போன மாதம் அந்த நினைவகத்தை, ரேமை, இரண்டு ஜி.பி.யிலிருந்து எட்டாக்கினான். இறக்கி வைக்கும் ஸ்வாப் இடம் மட்டும் இரண்டிலேயே நின்றுவிட்டது.

"எட்டு மூட்டைய ரெண்டு மூட்டை எடத்துல எறக்கச் சொல்லிக்கீற தேவா," என்றான் அலெக்ஸ், பக்கத்தில் வந்து நின்ற தேவாவிடம்.

"அழிச்சிட்டா முடிஞ்சிது. இன்னாத்துக்குண்ணா இந்த பேஜாரு?"

அலெக்ஸ் கீபோர்டை இழுத்துக்கொண்டான். பெரிய ஸ்வாப் கோப்பு ஒன்றை உருவாக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை உறங்க வைத்தான். அணைந்தது. திரும்பப் போட்டான். திறந்து வைத்திருந்த கணக்குப் பக்கம் இல்லை, வெறும் திரை.

"புதுசா போட பென் டிரைவு ரெடியாத்தாண்ணா கீது," என்று தேவா சிரித்தான்.

இறக்கி வைத்தது சரிதான். எழும்போது எங்கே போய் எடுப்பதென்று அதற்குத் தெரியவில்லை. துவக்க அமைப்பு பழைய இடத்தையே காட்டியது. புதுக் கோப்பு இருக்கும் வட்டின் அடையாளத்தையும், வட்டில் அது தொடங்கும் எண்ணையும் அலெக்ஸ் எழுதினான்.

அதற்குள் எடை தொடங்கிவிட்டது. மல்லாட்டை விற்க வந்த வெள்ளையம்மாளின் மூட்டைகள் பாதி பதிவாகியிருந்தபோது அவன் எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தான்.

"போன வாட்டியும் இப்டித்தான் எடை பூடுச்சின்னு மறுபடி தராசுல ஏத்த வெச்சாங்க," என்றாள் வெள்ளையம்மாள். "எடை போச்சின்னா நீதான்டா மூட்டை தூக்கணும்."

"தூக்கறேம்மா."

யூ.பி.எஸ். கத்தியது. திரை இருண்டது. மெயினைப் போட்டான். அமலாவின் பெயர் வந்தது. அதன்பின் வெள்ளையம்மாளின் பக்கம், விட்ட வரியிலேயே.

தாண்டவராயன் குனிந்து பார்த்தார். "எடை கீது. செரி. பேர மட்டும் மாத்திடேன்."

"வாக்கு குடுத்தீங்க மொதலாளி."

"யாபாரத்துல ஆயிரம் சொல்றதுதான்."

அலெக்ஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "அப்ப தேவா ஒக்காரட்டும். அவ பேர அழிச்சிட்டு நான் தட்ட மாட்டேன்."

தேவா வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்தான். "எனுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஓட்டத் தெரியாதுங்க."

"யாராச்சும் ஜல்தியா பில்லக் குடுங்க. பஸ்ஸு பூடும்," என்றாள் வெள்ளையம்மாள்.

"ஒக்காருப்பா," என்றார் தாண்டவராயன்.

அலெக்ஸ் நின்றுகொண்டே இருந்தான்.

"இருக்கட்டும், அதே பேரு இருக்கட்டும். ஒக்காரு."

அவன் உட்கார்ந்தான். "மீதி மூட்டைய ஏத்துங்க," என்றான்.