ஆணி அடிக்காத செருப்பு

திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த இருதயராஜின் மனைவி பொன்னிக்குத் தொழுநோய் குணமாகிவிட்டது. ஆனால் பாதங்களில் உணர்வு திரும்பவில்லை. முள் குத்தினாலும் அவளுக்குத் தெரியாது.

"மெத்துனு ரப்பர் செருப்பு போடணும், அடியிலே முள் ஏறாத தகடு வேணும். ஆணி மட்டும் அடிச்சுடாதே. மேலே கிளம்பினா இவளுக்குத் தெரியாது" என்றார் விழுப்புரம் டாக்டர் இருதயராஜிடம்.

அது 1964. இருதயராஜ் முதலில் அடித்தகடாகத் தோல் வைத்துப் பார்த்தான். சேற்றில் ஊறி அழுகியது. டயர் கனத்தது. அப்போதுதான் கடைத்தெருவுக்கு வந்திருந்த பிளாஸ்டிக் வாளி ஒன்று உடைந்து கிடைத்தது. அடிப்பாகத்தை வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி ரப்பரோடு அழுத்தினான். காய்ந்ததும் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினான். ஒரு நாள்தான் நின்றது.

மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் தகட்டை வளைப்பதற்காக ஸ்டவ் தீயில் காட்டிவிட்டு, ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றினான். எப்போதும் உருண்டோடும் தண்ணீர், தீ பட்ட இடத்தில் படர்ந்து நின்றது. தண்ணீரே ஒட்டும்போது சொல்யூஷன் ஒட்டாதா? இரண்டு செருப்புக்கும் வெட்டிய தகடுகளை இடுக்கியால் பிடித்து, உருகாமல் தீயில் ஒரு வீச்சு காட்டி ரப்பரோடு ஒட்டினான்.

"பொன்னி, ஜல்தி வா! இழுத்துப் பாரு."

அவள் பல்லைக் கடித்து இழுத்தாள். பிரியவில்லை. இருவரும் சிரித்தார்கள்.

செருப்பு போட்ட பதினோராம் நாள் ஒலக்கூருக்கு, வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போனாள். ஈர மண்ணில் இடது செருப்பின் ஓரம் வாய் பிளந்தது. கூட வேலை செய்த அம்சா, இரக்கப்பட்டு, அதை ஊருக்குள் கொண்டுபோய் இரண்டு ஆணி அடித்து வாங்கி வந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாது. பொன்னியும் பார்க்காமல் மாட்டிக்கொண்டாள்.

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தரையெல்லாம் ரத்தத் தடம்.

"இன்னா பொன்னி இது!"

"எது? நல்லாத்தானே நடந்துக்கினு வந்தேன்."

செருப்பு காலை விட்டு வரவில்லை. ஆணி பிடித்திருந்தது.

புண் எலும்புவரை ஏறியது. தை மாதம், விழுப்புரத்தில், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் இருதயராஜ். நடுப்பகுதி இன்னும் பிரியாமல்தான் இருந்தது. பிரிந்தது, இடுக்கி பிடித்திருந்த ஓரம். அங்கே தீ படவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வலது செருப்பைப் பிரித்து, பிடியை மாற்றி மாற்றி, ஓரம் விடாமல் தீ காட்டி மறுபடி ஒட்டினான்.

"இது இனிமே பிரியாது."

பொன்னி அதைத் தொடவில்லை. "போட்டுக்கினு நான் எங்கங்க போவப் போறேன்?"

அவன் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனான்.