ஏழாம் குவியலில் ஆள் இல்லை

எங்கள் மேல்மலைப் புல்வெளியில் பதினோரு கற்குவியல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் மூவாயிரம் வருடத்துக்கு முன் செத்த ஒருவர் படுத்திருக்கிறார். தை மாதம் கீழேயிருந்து அதிகாரி வந்து வருகைப் பதிவு எடுப்பார். பிரம்பால் கல்லைத் தட்டுவார். உள்ளேயிருந்து “இருக்கேன்” என்று குரல் வரும். டிக் போடுவார். இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இந்தத் தையில் ஏழாம் குவியல் பதில் சொல்லவில்லை. அதிகாரி மூன்று முறை தட்டினார். காதை வைத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

ஆள் குறைந்தால் ஊரிலிருந்து ஒருவரை உள்ளே இறக்க வேண்டும் என்பது விதி. அதுவும் பொழுது சாய்வதற்குள்.

என் தங்கை புருஷன் சங்கிலியாண்டி உடனே என்னைக் கைகாட்டினான். எண்பத்தொரு வயது, பிள்ளைகுட்டி கிடையாது, கல்லுக்கடியில் குளிரும் அடிக்காது என்றான்.

“தற்காலிகந்தேன் மச்சான்.”

எனக்குச் சந்தேகம் தட்டியது. முப்பது வருடமாக ஒரு டீ வாங்கித் தராதவன் அன்று காலையில் இரண்டு டீ வாங்கித் தந்திருந்தான். வடை வேறு.

அதிகாரி பாரத்தை நீட்டினார். இறந்த தேதியை நானே நிரப்ப வேண்டுமாம். பேனா எழுதவில்லை என்றேன். வேறு பேனா வந்தது. ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, சங்கிலியாண்டியின் பூண்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்தேன்.

அங்கே ஒரு ஆள் களை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பனிமூட்டத்திலும் மேலே துண்டுகூட இல்லை. காதில் புல் முளைத்திருந்தது. கொஞ்ச நேரம் நின்று கவனித்தேன். மூச்சு விடவேயில்லை.

அதிகாரியைக் கூட்டி வந்தேன். சங்கிலியாண்டியும் பின்னாலேயே வந்தான்.

“ஏழாம் நம்பர் நீங்களா?”

“நாந்தேன்.”

“ஏன் எந்திரிச்சு வந்தீங்க?”

“இவுகதேன் கல்லப் பொரட்டிக் கூப்புட்டாக. கஞ்சி ஊத்துறேன்னாக.”

சங்கிலியாண்டி வானத்தைப் பார்த்தான். அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எழுந்தவரைத் திரும்பப் படுக்க வைக்க வழியில்லை. எழுப்பியவரைப் படுக்க வைக்க வழி இருந்தது. பாரத்தில் பெயரை மாற்றினார்.

ஊரே கல் அடுக்கியது. நானும் ஒன்று வைத்தேன், கொஞ்சம் பெரிதாகவே. அதிகாரி தட்டினார்.

“இருக்கேங்கய்யா.”

மாப்பிள்ளையின் குரலில் மரியாதை கூடியிருந்தது.

துக்கம் விசாரிக்கத் தங்கை வீட்டுக்குப் போனேன். ஏழாம் நம்பர் செத்தவர் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கை அவருக்கு இரண்டாம் தடவை கஞ்சி ஊற்றினாள். முகத்தில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

“கஞ்சி நல்லாருக்கு மச்சான்,” என்றார் செத்தவர். “மத்த பத்துப் பேருக்கும் சொல்லிவிட்டுருக்கேன். ஆளாளுக்கு வீடு பாத்துக்கிட்டிருக்காக.”

விறுவிறுவென்று என் வீட்டுக்கு நடந்தேன். நான் தனிக்கட்டை. கூரையில் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.