கிரகரி பதில் சொல்லாத ஒரு மத்தியானம்

கிரகரியிடம் பதில் இல்லாத கேள்வியை உலகம் இன்னும் தயாரிக்கவில்லை. அது சரியான பதிலா என்பது வேறு விஷயம்.

தேயிலைச் செடியை ஏன் இடுப்பு உயரத்திலேயே வெட்டுகிறார்கள்? "அந்தக் காலத்துத் துரைக்குக் குனியவும் முடியாது, அண்ணாந்து பார்க்கவும் பிடிக்காது." கேமரன் மலையில் ஏன் மத்தியானம் பார்த்து மழை வருகிறது? "காலையிலயே வந்தா டூரிஸ்ட் வரமாட்டான்லா." தோட்டத்து லோரி ஓட்டுகிறவருக்கு இந்த ஞானமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அதற்கும் பதில் வரும்.

போன வருடம் மகள் எவலினைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, "எனக்கு மட்டும் ஏன் இவ்ளோ சீக்கிரம் முடி கொட்டிருச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டே விட்டிருக்கலாம். "சத்து இல்லாத மண்ணுல என்ன முளைக்கும்?" என்றார் கிரகரி. காப்பி ஆறுவதற்குள் அவர்கள் வந்த காடி தோட்டத்துக் கேட்டைத் தாண்டிவிட்டது.

அதற்கு எவலின் அழவில்லை. ஆனால் இன்று வருவது ராய்ஸ்டனின் அம்மா ஆரோக்கியம்மாள், கீழே கடலோரக் கிள்ளானிலிருந்து. பிரிஞ்சாங் ஹோட்டலில் அவளோடு வேலை பார்க்கும் ராய்ஸ்டன், எவலின் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்தவன். எனவே காலையிலேயே அப்பாவை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். சத்தியம் பண்ணுங்க."

"கர்த்தர் கேட்டாலுமா?"

"அவர் கேட்கமாட்டார். அவருக்கு உங்களைத் தெரியும்."

ஆரோக்கியம்மாள் ராய்ஸ்டனோடு வந்தார். நிச்சயத் தட்டு காடியிலேயே இருந்தது. மனசுக்குப் பிடித்தால்தான் தட்டு வாசலைத் தாண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். தோட்டத்து லயத்து வீடுகளின் அத்தனை ஜன்னல்களும் அந்தக் காடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏண்ணே, இங்க ரோட்டோரம் எல்லாம் ஸ்ட்ராபெரியா இருக்கே, ஏன்?"

கிரகரி மாதா படத்தைப் பார்த்தார். "தெரியாது."

"இந்தத் தேயிலைச் செடிக்கு எத்தனை வயசிருக்கும்?"

"தெரியாது."

"பொண்ணு ஹோட்டல்ல என்ன வேலை பார்க்குது?"

"தெரியாது."

"இதுக்கு முன்ன வேற இடம் பேசினீங்களா?"

"தெரியாது" என்றார் கிரகரி. சத்தியத்தை இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றிய மனிதரை மலை அதுவரை பார்த்ததில்லை.

ஆரோக்கியம்மாளின் புருவம் நெற்றியில் ஏறி நின்றது. நிலைமையைச் சமாளிக்க எவலின் அவசரமாக ஒரு முறுக்குப் பாக்கெட்டை எடுத்து வந்தாள். கடையில் தேடித்தேடி, நன்றாக உப்பினதாகப் பார்த்து வாங்கியது. மலையில் பிறந்தவள், பாக்கெட் உப்பியிருந்தால்தான் புதுசு என்று அவளுக்கு எண்ணம்.

"அய்யய்யோ, ஊதிப்போன பாக்கெட்! கெட்டுப்போனதையா எங்களுக்குக் குடுக்கறீங்க? அப்பாவுக்கு மகளைப் பத்தி ஒண்ணும் தெரியல, மகளுக்குப் பலகாரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியல. எந்திரிடா ராய்ஸ்டன்!"

ராய்ஸ்டன் மிகுந்த வீரத்தோடு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான்.

"அப்பா, சொல்லுங்கப்பா!" என்றாள் எவலின்.

"தெரியாதுன்னு சொல்லவா?"

"பதில் சொல்லுங்கப்பா!"

அணை உடைந்தது. "இது கீழ அடைச்ச பாக்கெட்டும்மா. அங்க வெளிக்காத்து சுத்தி நின்னு அமுக்கிக்கிட்டே இருக்கும். இங்க மேல காத்து குறைவு, அமுக்க ஆள் இல்ல. அதான் உள்ள இருக்கிற காத்து காலை நீட்டிப் படுக்குது." கிரகரி வாழ்க்கையில் சொன்ன முதல் சரியான பதில் அதுதான். அது அவருக்கே தெரியாது.

"கதை விடாதீங்கண்ணே. என் தட்டுல கிள்ளான்ல வாங்கின கச்சாங் கடலைப் பாக்கெட் இருக்கு. அப்பளம் மாதிரி தட்டையா இருந்துச்சு. காட்டவா?"

"காட்டுங்க."

ஆரோக்கியம்மாள் விடுவிடுவென்று போய்க் காடியின் பின்கதவைத் திறந்தார். கச்சாங் பாக்கெட்டுகள் குட்டித் தலையணைகளாகப் படுத்திருந்தன. ஒன்று தட்டிலிருந்த பிளாஸ்டிக் ரோஜாவை மல்லாக்கத் தள்ளியிருந்தது. அவர் வாயைப் பிளந்தார். அந்த நேரம் பார்த்து மத்தியான மழை கொட்டியது. நனையக்கூடாதே என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்தார்.

"தட்டு உள்ள போயிருச்சு!" என்று பக்கத்து ஜன்னல் கத்தியது. யாரோ கை தட்டினார்கள்.

வாசலுக்கு உள்பக்கம் நின்றபடி ஆரோக்கியம்மாள் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அதற்குள் எவலின் இரண்டு கையாலும் தட்டை வாங்கிவிட்டாள்.

"ரொம்ப நன்றி, அத்தை."

ஜன்னல்கள் பார்த்துவிட்டன, இனி மழையைக் காரணம் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆரோக்கியம்மாள் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"சரி சம்பந்தி, மலை ஏறினதிலேருந்து என் காது ஏன் அடைச்சுக்கிட்டே இருக்கு?"

கிரகரி மகளைப் பார்த்தார். "சத்தியம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"அது வந்து சம்பந்தி, வாய் ஓயாம பேசுறவங்களுக்குக் காது..."

எவலின் தட்டோடு அடுப்படிக்கு ஓடி, கதவைத் தாழ் போட்டாள்.