தேவசிகாமணியின் தோள்வார்

அப்பா செத்த அன்றைக்குக் காலையில் அப்பாத்துரை பேட்டையில் அசன் முகம்மதுவின் சேணக்கடையில் உட்கார்ந்து தோலை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் வாயில் விழ வேறென்ன வேண்டும்? பாளையங்கோட்டை வீட்டில் ஆள் கூடி, மூத்த மகனைக் காணோமே என்று இதற்குள் பேச ஆரம்பித்திருப்பார்கள். அவனை அனுப்பியதே அம்மாதான் என்பது யாருக்கும் தெரியாது.

விடியும் நேரத்தில் மூச்சு நின்றது. அழுத கண்ணைத் துடைத்த கையோடு சாலோமி மகனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏலே, ஒங்க மொதலாளி கார எடுத்துட்டுப் போயி கிரேஸக் கூட்டிட்டு வா. அவ மொகம் பாக்காம பெட்டிய மூட விடமாட்டேன்."

கிரேஸ் அவன் தங்கை. உவரிக் கடற்கரையில் கட்டுமரக்காரன் ஒருவனை, அதுவும் கத்தோலிக்கனை, கட்டிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகிறது. அப்பா தேவசிகாமணியோ தோளில் பை மாட்டி ஊர் ஊராக நடந்து வேதப்புத்தகம் விற்ற மிஷன் ஆள். அவள் வாசலில் என் கால் படாது என்று அன்றைக்குச் சொன்னார். முரட்டு மனுஷன், சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியும்விட்டார். இப்போது மாட்டுவண்டியில் ஆள் அனுப்பினால் அவள் வந்துசேர மறுநாளாகிவிடும். சித்திரை வெயிலில் உடம்பு தாங்காது, பொழுது சாய அடக்கம் என்று சபையார் முடிவு கட்டியாயிற்று.

கார் இருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துரையிடம் முதலாளி ஐயம்பெருமாள் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியது. ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அப்பாத்துரை. ஆனால் இரண்டு மாதமாக அதில் கோழிகள்தான் ஏறி இறங்கின. எஞ்சினின் சுற்றைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கிளச்சு என்பது ஓர் இரும்புக் கூம்பு. அதைச் சுற்றி ஒரு தோல்பட்டை. பட்டை கருகிவிட்டால் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், கார் நகராது. சீமையில் சண்டை நடக்கிறபடியால் புதுப்பட்டை வரவேண்டிய கப்பல் வந்தபாடில்லை. கார் கேட்டதற்குப் பிள்ளைவாள், ஓடினால் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார். ஓடினால்தானே!

அசன் முகம்மது அவன் கையிலிருந்த தோலை வாங்கி மடித்து வைத்தார்.

"புதுத்தோலு இன்னைக்கி ஒதவாது தம்பி. ராத்திரி பூரா வெளக்கெண்ணெயில ஊறணும். எங்கிட்ட கெடக்குற பழைய சேணமெல்லாம் வெடிச்சிப்போச்சி. எண்ணெ குடிச்சி, மனுசன் மேல பழகுன தோலு எங்கனயாச்சும் இருந்தா பாரு."

கேட்டதும் அப்பாத்துரைக்கு அப்பா பையின் தோள்வார் ஞாபகம் வந்தது. நாலு விரல் அகலம். அப்பாவின் வியர்வையும், சனிக்கிழமை தவறாமல் அம்மா தடவிய விளக்கெண்ணெயும் ஊறி, நனைந்த துணி மாதிரி வளைகிற தோல். சந்தோஷத்தில் துள்ளப்போனவன், அது இப்போது எங்கே இருக்கும் என்று நினைத்ததும் தலையைக் குனிந்துகொண்டான். செம்பு ஆணி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு குதிரைவண்டியை வீட்டுக்கு விரட்டினான்.

நினைத்த மாதிரியே இருந்தது. ஊழியக்காரன் பையோடு போகவேண்டும் என்று சபை மூப்பர் சொல்லி, பெட்டிக்குள் அப்பாவின் நெஞ்சின்மேல் பையை வைத்து, வாரைத் தோளில் மாட்டியும் விட்டிருந்தார்கள். அப்பாத்துரை அம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னான்.

சாலோமி பெட்டிக்குள் கைவிட்டு வாரைத் தடவிப் பார்த்தாள்.

"தாங்குமாலே?"

"தாங்கும்மா."

அவள் குனிந்து வாரை அவிழ்த்தாள். செத்தவர் பொருளில் கைவைப்பதா என்று மூப்பர் ஆரம்பித்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பித்தளைக் கொக்கியை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு வாரை மகனிடம் கொடுத்தாள்.

பிள்ளைவாளின் கார் கொட்டகையில் அவன் கை பறந்தது. வாரைத் துண்டு துண்டாக நறுக்கிக் கூம்பில் பொருத்தி, ஆணித்தலை உரசாதபடி உள்ளே அமுங்க அடித்தான். கூம்பை ஏற்றி, முறுக்கி, முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினான். மூன்றாவது சுற்றில் எஞ்சின் உறுமியது. ஏறி உட்கார்ந்து மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தான். கார் நகர்ந்தது! கோழிகள் பறந்தன. "வந்துட்டு, வந்துட்டு" என்று கூவியே விட்டான். கூவிய பிறகுதான் அப்பா செத்தது ஞாபகம் வந்தது. அழுகையும் சிரிப்புமாகத்தான் நாங்குநேரி சாலையில் திரும்பினான்.

உவரியில் கிரேஸ் மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். காரையும் அண்ணனின் முகத்தையும் பார்த்தாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஏறினாள்.

திரும்பும்போது தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் சக்கரம் புதைந்தது. பனையோலையை அடியில் திணித்து முடுக்கினான். எஞ்சின் கதறியது, தோல் தீய்கிற வாடை வந்தது. இங்கே விட்டால் எல்லாம் போயிற்று. தங்கை கேட்பாளே என்ற கூச்சம்கூட இல்லாமல், "விட்டுராதீங்கப்பா" என்றான். கார் குலுங்கி ஏறியது.

வீட்டு வாசலில் பெட்டியின் மூடி சுவரோரம் சாய்ந்திருந்தது. மூப்பர் பொழுதைப் பார்த்துப் பார்த்து நின்றார். பெட்டி விளிம்பைப் பிடித்தபடி சாலோமி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கிரேஸ் அப்பாவின் காலைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. அந்தக் காலின்மேல் தலையை வைத்து, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். நிமிரும்போது நெஞ்சின்மேல் இருந்த பை கண்ணில் பட்டது.

"வாரு எங்கம்மா?"

சாலோமி மகளின் தலைமுடியில் ஒட்டியிருந்த செம்மணலைத் தட்டிவிட்டாள்.

"ஒன் வீட்டு வாசலுக்குத்தான் போயிருந்துது. ஒன்னக் கூட்டிட்டு வர."

கிரேஸுக்கு விளங்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் எண்ணெய்க் கையால் தெருவில் நின்ற காரைக் காட்டி, "அதுக்குள்ளதான் இருக்கு" என்றான்.

மூடிக்கு ஆணி அறைந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கல்லறைப் பக்கம் நடந்தார்கள். கிரேஸ் தெருவில் இறங்கிக் காரின் அருகே போனாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.