திறக்காத பக்கம்

ஷிரே ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த மார்ச்சில் டியாமிகேயின் தங்கை வெசி காணாமல் போனாள். பிளான்டயர் நகரத்தில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் டியாமிகேவுக்கு வேலை. காணாமல் போனவர்களுக்காக அலுவலக சர்வரிலேயே ஓர் இணையப் பக்கம் போட்டாள். முதல் படம் தங்கையுடையது. வானொலியிலும் போய்ப் பக்கத்தின் பெயரைச் சொன்னாள்.

அந்த சர்வரில் ஒவ்வொரு பக்கமும் கன்டெய்னர் என்னும் தனிப் பெட்டிக்குள் ஓடியது. ஆனால் அதன் பொது வாசலை அலுவலகத்தின் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. இவளுடைய பக்கத்துக்குப் பெயரோடு ஓர் எண்ணையும் சேர்த்து அடிக்க வேண்டும். வெறும் பெயரை அடித்தவர்களுக்கு அலுவலகப் பக்கமே திறந்தது. ஒருவரும் எழுதிச் சொல்லாததால் பல வாரங்கள் கழித்துத்தான் அவளுக்கே அது புரிந்தது.

"வாசல்ல ஒரு ரிவர்ஸ் பிராக்ஸிய நிறுத்து," என்றான் பக்கத்து மேசை கோண்ட்வானி. "எந்தப் பேரைக் கேட்டு வர்றாங்கன்னு பாத்து, அந்தந்தக் கன்டெய்னருக்கு அதுவே அனுப்பிடும்."

அமைத்தாள். பின்னால் இருக்கும் பக்கத்தை எட்ட முடியவில்லை என்று 502 பிழைதான் வந்தது.

"லோக்கல்ஹோஸ்ட்னு போட்டா எப்படிம்மா? அதுக்கு 'இங்கயே'ன்னு அர்த்தம். பிராக்ஸி தன் கன்டெய்னருக்குள்ளயே தேடிக்கிட்டு நிக்குது. உன் கன்டெய்னர் பேரைப் போடு. ரெண்டையும் ஒரே நெட்வொர்க்ல சேத்துடு."

பக்கம் திறந்தது. சேதிகள் கொட்டின. ஒரு தாய்க்குத் தன் இரட்டைப் பிள்ளைகள் ஒரு பள்ளியில் இருந்த வெள்ள முகாமில் கிடைத்தார்கள். கோண்ட்வானி எல்லோருக்கும் எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரம் வாங்கி வந்தான். வாயில் வைப்பதற்குள் டியாமிகேயின் போன் அடித்தது.

"வெசியோட அக்காவா? நான் ஃபலேசி, நிசான்ஜே முகாம் நர்ஸ். உங்க நம்பர் இப்பத்தான் பக்கத்துல கெடச்சுது. வெசி போன் ஆத்தோட போயிடுச்சு, உங்க நம்பரும் அவளுக்கு ஞாபகம் இல்ல. ரேடியோல கேட்ட பேரை மட்டும் சொன்னா. நானும் அடிச்சு அடிச்சுப் பாத்தேன்க்கா. ஏதோ ஆபீஸ்தான் வந்துச்சு."

"இப்ப எங்க இருக்கா?"

"காலரா வந்துடுச்சுக்கா. போன மாசமே. இங்கதான் அடக்கம் பண்ணோம்."

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டுக்கிட்டே இருந்தா. வந்துடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

மறுநாள் மினிபஸ் ஏறிப் போனாள். ஈர மண்மேட்டின்மேல் இடுப்பில் சுற்றியிருந்த சிட்டெஞ்சே துணியை விரித்து, அதன்மேல் படுத்துக்கொண்டு அழுதாள். ஃபலேசிதான் தூக்கி உட்காரவைத்தாள்.

திரும்பி வந்து வெசியின் படத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் அவள் இரண்டே நிலைகள்தான் வைத்திருந்தாள்: காணவில்லை, கிடைத்துவிட்டார். இரண்டாவதை அழுத்தினாள்.

முன்பின் தெரியாதவர்கள் அன்று முழுக்க வாழ்த்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரிடமும் அவள் மறுத்துச் சொல்லவில்லை.