சரமகவியில் இரண்டு வரி

யாரோ கையில் திணித்துவிட்டுப் போன தாளை இரண்டாக மடித்து, கணவனின் முகத்தில் மொய்க்க வந்த ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள் அருமைநாயகி. கை ஓய்ந்து மறு கைக்கு மாற்றும்போதுதான் விரல்களில் கறுப்பு மை ஒட்டியிருப்பதைக் கண்டாள். தாளை விரித்தாள். மேலே, பெரிய எழுத்தில் அவருடைய பெயர். கொக்குவில் இளஞாயிறு உதைபந்தாட்டக் கழகத்தின் ஸ்தாபகரும் காரியதரிசியுமான இளையதம்பி அவர்கள் மறைவு குறித்துக் கழகத்தார் வெளியிடும் சரமகவி.

செத்தவீட்டில் பாட்டு அச்சடித்துக் கொடுப்பது ஊர் வழக்கம்தான். பணக்காரன் செத்தால் புத்தகம், மற்றவனுக்கு ஒற்றைத் தாள். நேற்றுப் பின்னேரம் நெருப்புக் காய்ச்சலின் பதினோராம் நாள் அவருக்கு மூச்சு அடங்கியது. இரவோடிரவாக வண்ணார்பண்ணைக்கு ஓடி இருநூற்றைம்பது தாள் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த பதினொரு நாளும் வைத்தியரைக் கூட்டிவர ஒரு வண்டில் பிடித்துத் தர ஆளில்லை.

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். முதல் பாட்டில் பிறந்தார், இரண்டாவதில் பந்தடித்தார், மூன்றாவதில் பார் புகழ வாழ்ந்தார். நாலாவது பாட்டில் அவளுடைய கண் நின்றது.

*எட்டெனும் பரப்புக் காணி இல்லறத் துணைவி யோடே*
*கட்டிய கழகத் திற்கே களிப்புடன் ஈந்த வள்ளல்*

இன்னொரு முறை வாசித்தாள். எழுத்து மாறவில்லை.

எட்டுப் பரப்பு. அவளுடைய ஐயா சீதன உறுதியில் எழுதிக் கொடுத்தது. வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் தொடங்கி றெயில் பாதை வரைக்கும் போகிற செம்மண். ஐயா காலத்தில் அதில் நின்ற புகையிலையை விலை பேச வியாபாரிகள் வீடு தேடி வருவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது இளையதம்பி கேட்டார்: "ஒரு வருசத்துக்கு உந்தக் காணியை விடுவமே? பெடியளுக்கு ஓடித் திரிய இடமில்லை." அவள் தலையாட்டினாள். தலையாட்டினதுதான் அவள் செய்த பிழை. ஒரு வருஷம் ஆறு வருஷமாகிவிட்டது.

பெடியள் என்றால் சுருட்டுக் கொட்டில்களில் பகல் முழுக்கச் சம்மணம் கட்டியிருந்து சுருட்டுச் சுற்றுகிற ஆட்கள். பொழுது சாயக் காலை நீட்டினால் போதும் என்று ஓடி வருவார்கள். அவர்களில் அவளுக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் கழகம் என்று ஒன்று தொடங்கிய பிறகு வந்த செலவில்தான். கொழும்பிலிருந்து வந்த பந்து பன்னிரண்டு ரூபாய், அது கள்ளி முள்ளில் குத்தி ஒரே மாதத்தில் மூச்சை விட்டது. போட்டிக்குச் சேரச் சந்தா. வெளியூர் போக பஸ். தோற்றுவிட்டு வந்தாலும் எல்லோருக்கும் இவள் வீட்டுப் புட்டு. போன வருஷம் சப்பாத்து வாங்க அவளுடைய தாலிக்கொடி ஈட்டுக் கடைக்குப் போனது. அன்றிலிருந்து கழுத்தில் மஞ்சள் கயிறு.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவருக்கு ஒரு திட்டம் பிறக்கும். மைதானத்தைச் சுற்றிக் கிடுகு அடைத்துப் பத்துச் சதம் டிக்கெட் வைத்தால் கழகம் தன் காலில் நிற்கும் என்றார். அடைத்தார்கள். முந்நூறு பேர் ஆட்டம் பார்த்தார்கள், டிக்கெட் எடுத்தவர்கள் பதினேழு பேர். மற்றவர்கள் கிடுகைத் தூக்கிக்கொண்டு புகுந்தார்கள், அடுத்த நாள் அந்தக் கிடுகையும் காணவில்லை. பிறகு உடுப்பிட்டியிலிருந்து இரண்டு ஆட்டக்காரரைக் கொண்டுவந்தார். அவர்கள் மூன்று மாதம் அவளுடைய குசினியில் சாப்பிட்டுக் கால் தேறியதும், பட்டினத்துச் சுருட்டு முதலாளி நடத்துகிற கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த முதலாளி பந்தடிக்கிறவனுக்குக் கடையில் வேலையும் கொடுப்பார். கடைசியில் அவருடைய கூடப்பிறந்த தம்பி அருளம்பலமும் அங்கேயே போனான். ஊரில் அவனைப்போல் முன்னுக்கு ஓடி அடிக்க ஒருவன் இல்லை. அவன் போன பிறகு இளஞாயிறு ஒரு ஆட்டமும் வெல்லவில்லை, அவரும் இரவில் ஒழுங்காகத் தூங்கவில்லை.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். காணி போகாது என்ற நினைப்பில் பொறுத்தாள். மகள் பத்மாசினிக்குப் பத்தொன்பது. திருநெல்வேலியில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. ஆவணியில் கலியாண எழுத்து. அவர்கள் கேட்டது நகையுமில்லை, காசுமில்லை, இந்த எட்டுப் பரப்பு. அந்த வீட்டுக்காரர் இப்போது முற்றத்துப் பந்தலுக்குக் கீழே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலும் ஆளுக்கொரு தாள்.

"அண்ணை, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

அவளுடைய தமையன் கனகலிங்கம் குனிந்து வந்தார். அவள் தாளை நீட்டி விரலால் தொட்டுக் காட்டினாள்.

"உந்த வரியை ஆர் எழுதச் சொன்னது?"

அவர் வாசித்தார். முகம் மாறவில்லை. ஏற்கெனவே வாசித்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"இப்ப என்னத்துக்கு உந்தக் கதை? பிரேதம் கிடக்குது. எட்டாம் நாள் சடங்கு முடியட்டும், பிறகு பாப்பம்."

"பிறகு பாக்க என்ன இருக்கு? ஊர் முழுக்க வாசிச்சாச்சு."

"பாட்டிலை எழுதினா உறுதியாகுமே? சும்மா இரு."

"அப்ப ஏன் எழுதினவை?"

அவர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் போனார். ஏன் எழுதினார்கள் என்று அவளுக்குத் தெரியும். கழகத்தின் தலைவர் பிறக்கிராசி முத்துக்குமாரு, கோட்டிலே ஊரார் காணி வழக்கெல்லாம் பேசுகிறவர். பாட்டு உறுதியாகாது என்பது அவருக்குத் தெரியாததா? ஐந்நூறு பேர் நடுவில் செத்தவனின் நெஞ்சுக்கு நேரே நின்று, இவர் கொடுத்தார் என்று பாடிவிட்டால், நாளைக்கு இல்லை என்று சொல்லுகிற பெண்சாதி புருஷனின் பேரைக் கெடுத்தவள் ஆகிவிடுவாள். அந்த வெட்கத்துக்குப் பயந்து அவளே கையெழுத்து வைப்பாள். பேனாவைக் கூடக் கொண்டுவந்திருப்பார் மனிதர்.

பறை ஓய்ந்தது. பாட்டுக் கட்டிய சட்டம்பியார் பந்தலின் நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நாலாம் வகுப்புப் படிப்பித்தவரும் அவர்தான். அவருக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகப் பிறக்கிராசியார். பின்னால் கழகத்துப் பெடியள் பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முற்றத்து ஓரத்தில், கொள்ளி வைப்பதற்காக மழித்த தலையுடன் அருளம்பலம்.

முதல் பாட்டைப் பாடினார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இரண்டு, மூன்று. நாலாவதற்கு மூச்சை இழுத்து, "எட்டெனும் பரப்புக் காணி" என்று எடுத்தார்.

"சட்டம்பியார், நிப்பாட்டுங்கோ."

அவள் கத்தவில்லை. ஆனாலும் அவர் நிறுத்திவிட்டார். பிரேதத்தின் தலைமாட்டில் கையை ஊன்றி எழுந்து நின்றாள். பின்னால் இருந்த பெண்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள், பறித்துக்கொண்டாள்.

"உந்த வரியிலை பொய் இருக்கு. நான் ஒருத்தருக்கும் காணி குடுக்கேல்லை."

பிறக்கிராசியார் இரண்டடி முன்னால் வந்தார். குரலில் தேன்.

"பிள்ளை, துக்கத்திலை கதைக்கிறாய். ஒருத்தரும் உன்னைப் பிழை சொல்லேல்லை. பாட்டு முடியட்டும்."

"துக்கத்திலை இல்லை ஐயா, கோபத்திலைதான் கதைக்கிறன். காணி என்ரை ஐயா எனக்குத் தந்தது. நாளைக்கு என்ரை பிள்ளைக்கு."

"அவர் எங்களுக்கு வாக்குத் தந்தவர். காணி கழகத்தின்ரை பேரிலை வந்தா, அதை ஈடு வைச்சு நல்ல ஆட்டக்காரரை எடுத்து, கழகத்தை நிமித்தலாம் எண்டு கூட்டத்திலை அவரே எழும்பிச் சொன்னவர். ஆசையோடை செத்த மனிசன். அந்த மனிசனைச் சபையிலை பொய்யனாக்கப் போறியோ?"

அதுதான் அடி. அவள் கீழே பார்த்தாள். நாடிக்கட்டுக் கட்டிய முகம், எதைக் கேட்டாலும் பதில் சொல்லாத முகம். உயிரோடு இருந்தபோதும் காணிப் பேச்சு வந்தால் இப்படித்தான் இருப்பார். சொன்னாரா? சொல்லியிருப்பாரா? பதினொரு நாள் பக்கத்தில் இருந்தாளே, தண்ணீர் கேட்டார், நெல்லியடியோடு அடுத்த ஆட்டம் என்றைக்கென்று கேட்டார். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெடியளைப் பார்த்தாள். ஒருவனும் நிமிரவில்லை. அவளுடைய கையால் சாப்பிட்ட பதினைந்து பேர்.

"தம்பி," என்று அருளம்பலத்தைக் கூப்பிட்டாள். "நீ சொல்லு. கொண்ணை உப்பிடிச் சொன்னவரோ?"

அவன் தலையைக் குனிந்தான். "நான் அந்தக் கூட்டத்துக்குப் போகேல்லை மச்சாள்."

"உன்னட்டைச் சொன்னவரோ?"

பதில் அழுகையோடு வந்தது.

"ஓம் மச்சாள். போன மாசம் கடைக்கு வந்தவர். முதலாளி தாற சம்பளத்தைத் தான் தாறன், திரும்பி வாடா எண்டவர். எங்கையிருந்து காசு எண்டு கேட்டன். காணியைக் கழகத்துக்கு எழுதப்போறன் எண்டவர். மச்சாளுக்குத் தெரியுமோ எண்டு கேட்டன். அவளை நான் சமாளிப்பன் எண்டவர்."

அவளை நான் சமாளிப்பன். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் சமாளித்த எல்லாம் ஒன்றாக முன்னால் வந்து நின்றன, கொடி, புகையிலை, மூன்று மாதப் புட்டு. செத்துக் கிடக்கிறவரை இரண்டு தோளையும் பிடித்து உலுப்பி, எழும்பும், எழும்பி எனக்கு முகத்தைப் பார்த்துச் சொல்லும் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. பந்தலில் திருநெல்வேலி மாப்பிள்ளையின் தகப்பன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகலிங்கம் கிட்ட வந்து, "அவரின்ரை மானத்தைக் காப்பாத்து," என்று மெதுவாகச் சொன்னார்.

"அவர் சொல்லியிருக்கிறார்," என்றாள் அருமைநாயகி. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவரளவிலை பாட்டுப் பொய்யில்லை. அவர் வாக்குக் குடுத்தவர். ஆனா குடுக்க அவருக்கு உரிமையில்லை. என்னட்டைக் கேக்காமல், என்ரை பிள்ளையின்ரை காணியைக் குடுத்தவர். அது களவு. என்ரை புருசன் செய்தது களவு. இதைவிட நான் என்னத்தைச் சொல்ல? உங்களுக்குப் போதும்தானே?"

பெண்களுக்குள் யாரோ "ஐயோ" என்றாள். சட்டம்பியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொண்டு. ஒருத்தரும் உந்தத் தாளை வீட்டை கொண்டுபோகப்படாது. எல்லாத்தையும் தாங்கோ."

பிறக்கிராசியார் பெடியளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. முதலில் அருளம்பலம்தான் அசைந்தான். பந்தலுக்குள் வரிசை வரிசையாகப் போய்க் கையை நீட்டினான். பிறகு பெடியளில் இரண்டு பேர், பிறகு மற்றவர்கள். மாப்பிள்ளையின் தகப்பன் மடியிலிருந்து எடுத்து, மடிப்பை நிமிர்த்திக் கொடுத்தார். சிலர் முனகினார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். பிறக்கிராசியார் தன்னுடையதைக் கதிரையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படலையால் போய்விட்டார். மைதானத்தில் பிரேதத்தை இறக்கி வைத்துப் பேச எழுதி வைத்திருந்த பேச்சும் அவரோடு போனது.

தாள்களை என்ன செய்வதென்று அருளம்பலம் கேட்டான். இழவு வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

"கொண்ணையின்ரை பக்கத்திலை வை. சொன்னவரோடையே போகட்டும்."

வாய்க்கரிசி போட்டார்கள். தாலியைக் கழற்றி நெஞ்சில் வைக்கச் சொன்னார்கள். மஞ்சள் கயிறு கழன்று வர நேரமெடுக்கவில்லை. அதை வைக்கும்போது அவளுடைய புறங்கை அவருடைய சட்டையில் பட்டது. இளஞாயிற்றின் சிவப்புச் சட்டையை யாரோ போட்டுவிட்டிருந்தார்கள், பொத்தான் ஒன்று இடம் மாறிப் பூட்டியிருந்தது. அவள் அதைக் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டாள்.

பாடை படலையைத் தாண்டியது. பெண்கள் அந்த இடத்தோடு நின்று மாரடித்து அழுதார்கள். அவள் அழவில்லை என்று பார்த்தவர்கள் பிறகும் பல நாள் கதைத்தார்கள்.

எல்லோரும் போய், வீடு கழுவி, கிணற்றடியில் தோய்ந்து முடிய வெயில் இறங்கிவிட்டது. கொட்டிலுக்குள் ஆடு கத்திக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து அதற்கு ஒருவரும் ஒரு குழை போடவில்லை.

"பிள்ளை, ஆட்டைக் கொண்டுபோய்ப் பின்காணியிலை கட்டு."

பத்மாசினி திரும்பிப் பார்த்தாள். "அதிலையோ அம்மா? ஐயா..."

"அதிலைதான்."

அந்தப் புல்லில் ஆறு வருஷமாக ஒரு ஆடு மாடு கால் வைத்ததில்லை. கோடையில் இளையதம்பி குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுவார். பத்மாசினி ஆட்டை இழுத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்தாள். கட்ட மரமில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கோல் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தாள்.

சிறிது நேரத்தில் ஆடு மறுபடியும் கத்தத் தொடங்கியது. அருமைநாயகி ஈரத் தலையோடு போய்ப் பார்த்தாள். கோலுக்கு முன்னால் புல்லே இல்லை. கால்கள் பட்டுப் பட்டுத் தேய்ந்து, அவ்வளவும் வெறும் செம்மண். கயிறு எட்டும் தூரத்துக்குள் மேய ஒன்றுமில்லாமல் ஆடு நின்றது.

அவள் குந்தியிருந்து முடிச்சை அவிழ்த்தாள். மகள் இறுக்கிக் கட்டியிருந்ததால் நேரமெடுத்தது. கயிற்றை இன்னும் இரண்டு முழம் விட்டுக் கட்டினாள். ஆடு புல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் எழும்பவில்லை. கம்பத்தில் முதுகைச் சாய்த்து அந்த வெறும் மண்ணிலேயே இருந்தாள்.