மெழுகு பூசிய விருந்தாளி

பதாக்கின் மூச்சு நின்று ஒரு நிலவு தேய்ந்து மறுநிலவும் வளர்ந்துவிட்டது. இன்னும் அவன் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருந்தான். எங்கள் வழக்கம் அப்படி. உடம்புக்கு மெழுகு பூசி, கம்பளிக் கூரை போட்ட வண்டியில் படுக்கவைத்து, சொந்தக்காரர்களின் கூடாரம் ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோவோம். போகிற இடத்தில் எல்லோருக்கும் கறி வெந்து இறங்கும்; அவன் முன்னாலும் ஒரு தட்டு வைப்பார்கள். எல்லார் வீட்டிலும் விருந்து முடிந்த பிறகுதான் மேட்டில் குழி தோண்டுவது.

அந்தக் குழிதான் மாதாயாவுக்கு ஆகாது. வண்டிக்குள் இருக்கிறவரை அவன் அவளுடைய புருஷன். அதனால் ஒவ்வொரு விருந்து முடியும்போதும் அவளுக்குப் புதிதாக ஒரு சொந்தம் நினைவுக்கு வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா. அவருக்கு அப்பால், பதாக் சின்ன வயதில் காய்ச்சலில் விழுந்தபோது பால் காய்ச்சிக் கொடுத்த ஒரு வீடு. அவர்களும் பாவம், யார் என்று கேட்காமல் ஆட்டை அறுத்தார்கள்.

வண்டி ஓட்டியவன் கொழுந்தன் வர்கான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"அண்ணி, அண்ணனுக்கு இத்தனை சொந்தம் இருக்கிறது எனக்கே தெரியாது. நான் கூடப்பொறந்தவன்."

"உனக்கு எங்க தெரியும்? நீ எந்நேரமும் குதிரை வாலைப் பிடிச்சுக்கிட்டு அலைஞ்சவன்."

"இனி எறும்புப் புத்துதான் பாக்கி. அதுல யாராவது பெரியம்மா இருக்காளா?"

அவள் சிரித்துவிட்டாள். "உங்க தம்பிக்கு வாயைப் பாத்தீங்களா" என்று படுத்திருப்பவனிடம் சொன்னாள்.

வெளியே புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. காற்று அடித்தால் புல் எல்லாம் ஒரு பக்கமாகப் படுத்து, பிறகு எழுந்துகொள்ளும். வண்டி ஆட ஆட அவன் மார்பும் ஏறி இறங்குவதுபோல் தோன்றும். கொக்குகள் தெற்கே போவதை அவள் அவனுக்குச் சொன்னாள். குளிருகிறதா என்று கேட்டாள். தூங்கினாளா விழித்திருந்தாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. சில வேளை அவன் ஏதோ பதில் சொன்னதுபோலக்கூட இருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஒரு காலையில் வர்கான் மாட்டை நிறுத்திவிட்டான். முகத்தில் கேலி இல்லை.

"அண்ணி, புல்லு நுனியெல்லாம் வெள்ளையா பனி பூத்திருக்கு பாருங்க. மண்ணு உறைஞ்சா மம்முட்டி இறங்காது. குளிர் முடியிறவரைக்கும் அண்ணன் வெளியில கெடக்கணும். ஓநாய் சும்மா விடுமா?"

"இன்னும் ஒரே ஒரு வீடு. அப்புறம் திரும்பிடலாம்."

"யார் வீடு?"

அவளிடம் யாரும் மிச்சமில்லை. அப்போது மூடுபனி கொஞ்சம் விலகி, தூரத்தில் ஒற்றை வண்டியும் புகையும் தெரிந்தன. "அதோ, அதுதான். அவருக்கு அக்கா முறை" என்றாள். பச்சைப் பொய். எங்களில் அடுப்புப் புகையைக் காட்டிப் பொய் சொன்னால், சொன்னவர் நோயில் படுத்துவிடுவார் என்பார்கள். படுத்தால் படுக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

அந்த வண்டிக்காரி நெடுநெடுவென்று இருந்தாள், காதோரம் நரை. பெயர் அர்தியா. சொற்களை இழுத்து இழுத்துப் பேசினாள், கிழக்குப் பக்கத்துப் பேச்சு.

"யாரு வந்திருக்கா?"

"உங்க தம்பி வந்திருக்கார் அக்கா. பதாக்."

அர்தியா வண்டிக்குள் எட்டி, அந்த மெழுகு முகத்தை வெகுநேரம் பார்த்தாள். வர்கான் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இளைச்சுப் போயிட்டானே" என்றாள் கடைசியில். "இறங்குங்க. உக்காருங்க."

அவளிடம் இருந்ததே நாலைந்து ஆடுகள். கொழுத்ததைப் பிடித்து அறுத்தாள். மரமே இல்லாத புல்வெளி என்பதால் எலும்பையே விறகாக்கி, கொப்பரையில் கறியை வேகவிட்டாள். நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துப் பதாக் முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா தாயி? இவனை இந்த ஒரு வேளைக்கு வேற பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கவா?"

மாதாயா தலையசைத்தாள்.

"ஸ்தூரா" என்றாள் அர்தியா. கிழக்கே பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "கறி வெந்திருக்கா ஸ்தூரா? உப்பு தூக்கலா இருந்தா இப்பவே சொல்லிடு, அப்புறம் மூஞ்சியைத் தூக்காத. உன் மக ரெண்டு பிள்ளைக்குத் தாயாகிட்டா, தெரியுமா? பெரியவன் அப்படியே உன் மூக்கு." பொழுது சாயும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். தட்டு ஆறியதும் எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

மாதாயா அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, இவர் உங்களுக்குச் சொந்தமே இல்ல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும். எனக்குத் தம்பியே கெடையாது."

"ஸ்தூரா எங்க?"

"சண்டைக்குப் போறப்ப ஆத்துல பனி உடைஞ்சு குதிரையோட உள்ள போயிட்டான்னாங்க. ஒடம்பு கெடைக்கல. வண்டியில எதைப் படுக்க வைக்க? யார் வீட்டுக்குக் கொண்டுபோக? இன்னும் அலைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கான். நானும் கூடவே அலையறேன். ஒவ்வொரு வருஷமும் பனி உருகுறப்ப கரையில போய் நிப்பேன்." அவள் அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரல் அது. "நீ குடுத்துவச்சவ தாயி. உன் ஆளுக்கு ஒரு குழி இருக்கும்."

மாதாயா எழுந்து வண்டிக்குள் போனாள். இத்தனை நாளில் முதல்முறையாக அவன் கன்னத்தைத் தொட்டாள். மெழுகு சில்லென்று இருந்தது. அவன் எந்தப் பதிலும் சொல்லவில்லை, எப்போதும் சொன்னதில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வர்கான் மாடுகளை மேட்டுப் பக்கம் திருப்பினான்.

"இரு" என்று அவள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஸ்தூராவோடது ஏதாச்சும் இருக்கா?"

அர்தியா அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்ததும் ஓடிப்போய்த் தோல் உரிந்த ஒரு சாட்டையை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

மாதாயா அதை வாங்கினாள். "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கோங்க" என்று புருஷனின் தோளை மெல்ல நகர்த்தினாள். "இன்னொருத்தரும் வர்றார்."

அர்தியா வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தாள்.